பெரியவர்கள் முன் பேசப் போகிறவளுக்கு

உங்கள் பகுதி மூத்த குடிமக்கள் மன்றத்தின் மாதக் கூட்டத்துக்குச் சிறப்புப் பேச்சாளராக வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாய். சொன்ன கையோடு, "அவர்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன், பெரியப்பா?" என்றும் கேட்டாய். அந்தத் தயக்கம் நல்லது, மகளே. அதோடு மேடையேறியவர்கள் பெரும்பாலும் நன்றாகவே பேசினார்கள். "இவர்களுக்கு என்ன தெரியும்" என்று ஏறியவர்கள்தான் வழுக்கினார்கள். எங்கள் மன்றத்துக்குப் பேச்சாளர்களை அழைத்து வரும் வேலை பல வருடமாக என் தலையில்தான் இருக்கிறது. டாக்டர், வக்கீல், வங்கி மேலாளர், காவல் ஆய்வாளர், யோகா ஆசிரியர் என்று எத்தனையோ பேரை வரவேற்று, பொன்னாடை போர்த்தி, கடைசி வரை உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். யார் எங்கள் மனத்தில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்பதைத்தான் உனக்கு எழுதுகிறேன். பெரியவர்களை மதிக்கிறேன் என்று வாயால் யாரும் சொல்லலாம். அந்த மதிப்பு ஒரு மணி நேரத்தில் எங்கெங்கே தெரிய வேண்டும் என்பதே நீ கற்க வேண்டியது.

1. ஒப்புக்கொள்ளும் முன் விசாரி.

யார் வருவார்கள், எத்தனை பேர், போன மாதம் யார் எதைப் பற்றிப் பேசினார் என்று செயலாளரிடம் கேள். கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று கூச்சப்படாதே. கேட்கிறவரைக் கண்டால் எங்களுக்கு நிம்மதி. எங்கள் மன்றத்தில் ஒரு சமயம் அடுத்தடுத்து வந்த மூன்று டாக்டர்களும் சர்க்கரை நோயைப் பற்றியே பேசினார்கள். மூன்றாமவர், "மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, தெரியுமா?" என்று ஆரம்பித்தார். முன்வரிசைப் பெரியவர் தன்னுடைய கடைசி நான்கு பரிசோதனை எண்களை மனப்பாடமாக ஒப்பித்தார். கூடம் சிரித்தது. டாக்டர் பாவம், பேச்சை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் திணறினார். எந்த மாதம் பேசுகிறாய் என்பதையும் பார். மத்திய அரசு பென்ஷன்காரர்கள் வருடா வருடம் நவம்பரில் உயிர்வாழ் சான்று தர வேண்டும். எண்பது வயது நிறைந்தவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். செல்போனில் முகத்தைக் காட்டி அதைக் கொடுப்பது எப்படி என்று ஒரு செப்டம்பரில் வங்கிப் பையன் ஒருவன் வந்து செய்து காட்டினான். அந்த வருடம் பலருக்கு வங்கி வாசலில் கால்கடுக்க நிற்கும் வேலை மிச்சமாயிற்று.

2. வயதைப் பார்த்துப் பேசாதே, ஆளைப் பார்த்துப் பேசு.

உன் முன் அமர்ந்திருப்பவர்களை "தாத்தா, பாட்டி" என்று மேடையிலிருந்து கூப்பிடாதே. வீட்டில் பேரன் கூப்பிட்டால் இனிக்கும் சொல், முன்பின் தெரியாதவர் கூப்பிடும்போது குறுகச் செய்யும். "ஐயா, அம்மா" போதும். உற்சாகமூட்ட வந்த ஓர் இளைஞர் எங்கள் எல்லோரையும் எழுப்பி நிற்க வைத்து, மழலைப் பள்ளிப் பாட்டுப்போல ஒன்றைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். தட்டியவர்களில் ஒருவர் மின்வாரியத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கம்பம் ஏறியவர். இன்னொரு அம்மா, கணவர் போனபின் தனியாக நான்கு பிள்ளைகளைக் கரையேற்றியவர். மரியாதைக்காகத் தட்டினார்கள். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அந்த அம்மா, "நல்ல பிள்ளைதான். ஆனால் நம்மை யார் என்று நினைத்தான்?" என்று மட்டும் கேட்டார். முதுமையைப் புகழ்கிறேன் பேர்வழி என்று "இது இரண்டாவது குழந்தைப் பருவம்" என்று தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு முட்டி வலிக்கிறது, மறதி வருகிறது. ஆனால் நாங்கள் குழந்தைகள் ஆகிவிடவில்லை.

3. உரக்கப் பேசாதே, தெளிவாகப் பேசு.

வயதாகும்போது காதில் முதலில் மங்குவது மெல்லிய உச்ச ஒலிகள்தான். உயிரொலிகள் காதில் விழும். ச, ஸ, ஃப போன்ற உரசும் ஒலிகள் நழுவிவிடும். ஆகவேதான் பலர், "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார் என்பதுதான் புரியவில்லை" என்கிறார்கள். கத்தினால் இது சரியாகாது. ஒலி சிதையும், அவ்வளவுதான். குரலைச் சற்றுத் தாழ்த்தி, நிதானமாக, ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் மூச்சுவிட்டுப் பேசு. "எனக்கு மைக் வேண்டாம், என் குரல் கணீரென்று இருக்கும்" என்று ஒருபோதும் சொல்லாதே. அது கடைசி வரிசையில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்புவதற்குச் சமம். காது மிஷின் போட்டவருக்கு உன் குரலோடு மின்விசிறி இரைச்சலும் சேர்ந்தே பெருகும். தலைக்கு மேலே கடகடக்கும் விசிறியை நிறுத்தச் சொல். பலர் உன் உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்கிறார்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் உன் முகம் அவர்களுக்கு இருட்டு. வெளிச்சம் உன் முகத்தில் விழும் இடமாகப் பார்த்து நில். திரையைப் பார்த்துப் பேசாதே.

4. நேரத்தைத் திருடாதே.

காரைக்குடியில் 1939இல் கம்பன் விழாவைத் தொடங்கிய சா. கணேசன், மேடை நேரத்தைக் காப்பதில் காட்டிய கண்டிப்பு தமிழ்நாடு அறிந்தது. எவ்வளவு பெரிய பேச்சாளராக இருந்தாலும் கணேசனின் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டார். எங்களைப் போன்ற கூட்டங்களுக்கு அந்தக் கண்டிப்பு இன்னும் அவசியம். இங்கே ஒருவருக்கு மாத்திரை வேளை, ஒருவருக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கும், இன்னொருவருக்கு இருட்டியபின் தெருவில் நடக்கப் பயம். வரவேற்புரையும் பொன்னாடைகளும் உன் நேரத்தில் பாதியைத் தின்றுவிட்டால், உன் பேச்சைக் குறைத்துக்கொள். அவர்கள் வீடு திரும்பும் நேரத்தை நீட்டாதே. அரை மணிப் பேச்சு, அதற்குமேல் கேள்விகள் என்பது நல்ல கணக்கு. ஆறு மணிக்கு முடிப்பேன் என்று சொல்லி ஏழே காலுக்கு முடித்த ஓர் அறிஞர் எங்களிடம் வந்திருக்கிறார். அருமையான பேச்சு. ஆனால் கடைசி முக்கால் மணியில் அங்கே இருந்தவர்கள் வாசலில் வந்து நிற்கும் பிள்ளைகளின் வண்டியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

5. உடம்பின் தேவைகளுக்குக் கோபித்துக்கொள்ளாதே.

நடுவில் இருவர் எழுந்து கழிவறைக்குப் போவார்கள். ஒருவர் கண்ணயர்வார். அது உன் பேச்சுக்குக் கொடுத்த மதிப்பெண் என்று எடுத்துக்கொள்ளாதே. ரத்த அழுத்த மாத்திரையும் மதியத் தூக்கமின்மையும் உன்னைவிட வலியவை. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நிற்கும்போதுகூடக் கவனித்துப் பார். சட்டென்று எழுந்தால் சிலருக்குத் தலை சுற்றும், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொள்வார்கள். பாட்டு 55 விநாடிதான். ஆனால் முட்டி தேய்ந்தவருக்கு அது நீளம். 2021இல் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையே மாற்றுத்திறனாளிகளுக்கு நிற்பதிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறது. கண்ணயர்ந்த ஒருவரைப் பேச்சாளர் ஒருவர் மேடையிலிருந்து பேர் சொல்லி எழுப்பினார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அடுத்த மாதத்திலிருந்து அவர் வரவில்லை. ஒரு நகைச்சுவைக்கு ஒரு மனிதரை விலையாகக் கொடுக்காதே.

6. ஒரே ஒரு சேதியோடு வா.

விருந்தில் எத்தனை பதார்த்தம் பரிமாறினாலும் வயிறு கொள்வதைத்தான் உண்ண முடியும். ஒரு வக்கீல் அம்மா பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைப் பற்றிப் பேச வந்தார். 2007ஆம் வருடச் சட்டம் அது. பிரிவு பிரிவாக அடுக்க அவரிடம் நிறைய இருந்தது. கவனிக்காத பிள்ளைகள் மேல் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம், மாதம் ரூ.10,000 வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம் என்பதை இரண்டே நிமிடத்தில் சொன்னார். மீதி நேரம் முழுக்க ஒரே விஷயம்: வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பதாக இருந்தால், "கடைசி வரை என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அந்த நிபந்தனை மீறப்பட்டால் எழுதிக் கொடுத்ததை ரத்துசெய்ய 23ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. எழுதாவிட்டால் நிரூபிப்பதற்குள் நாய்படாத பாடு. இதையே மூன்று விதமாகச் சொன்னார். போகும்போது ஆளுக்கொரு தாள் கொடுத்தார். பெரிய எழுத்து, வெள்ளைத் தாளில் கறுப்பு மை, பத்தே வரி. அந்தத் தாள் இன்றும் சில வீடுகளில் பீரோவுக்குள் பத்திரத்தோடு இருக்கிறது. அவர் பேசிய அழகு யாருக்கும் நினைவில்லை. அதனால் அவருக்கு என்ன குறை?

7. தமிழில் சொல்ல முடியாததை நீ இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

உன் துறைச் சொற்களை வீட்டில் உன் அம்மாவிடம் சொல்லிப் பார்த்துவிட்டு வா. அவள் முகம் சுளித்த இடத்தையெல்லாம் மாற்று. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் வி.எஸ். நடராஜன், அந்தத் துறைக்கே இந்தியாவில் முன்னோடி. அப்பேர்ப்பட்டவர் முதுமையைப் பற்றிச் சாதாரண மனிதருக்குப் புரியும்படி எளிய தமிழில் புத்தகங்கள் எழுதினார். ஆழம் தெரிந்தவருக்கு எளிமை கைவரும். செல்போன், ஏ.டி.எம்., ஸ்கேன் போன்ற எல்லோர் வாயிலும் இருக்கும் சொற்களை அப்படியே சொல்; அவற்றுக்குப் புதுத் தமிழ் தேடிக் கூட்டத்தைக் குழப்பாதே. நீ எதைச் சொன்னாலும் பின்வரிசை அம்மா அதை இரவு தன் மருமகளிடம் திருப்பிச் சொல்ல முடிய வேண்டும். அதுதான் அளவுகோல்.

8. பயமுறுத்தி அனுப்பாதே, ஏமாந்தவரைச் சிரிப்புக்கு ஆளாக்காதே.

இணைய மோசடி பற்றிப் பேசாத மன்றமே இப்போது இல்லை. போலீஸ் உடையில் வீடியோ அழைப்பில் வந்து, "உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்திருக்கிறோம்" என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையவே கிடையாது. இதைச் சொல்ல வந்த அதிகாரி ஒருவர், ஏமாந்தவர்களின் கதைகளை ஒவ்வொன்றாக நடித்துக் காட்டினார். கூடம் குலுங்கியது. இரண்டாம் வரிசையில் ஒருவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சேமிப்பில் பெரும்பகுதி அப்படித்தான் போயிருந்தது, வீட்டில்கூடச் சொல்லவில்லை என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத் தெரிந்தது. அன்று அந்த அதிகாரி, "படித்தவர்களும் பதவியில் இருந்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவர் எழுந்து வந்திருப்பார். பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும். வெட்கம்தான் அந்த நேரத்தைத் தின்கிறது. ஆகவே முதலில் வெட்கத்தை எடு, பிறகு எச்சரிக்கையைக் கொடு.

9. மரணத்தைப் பற்றிப் பேசத் தயங்காதே, ஆனால் கைகழுவிக்கொண்டு பேசாதே.

"அபசகுனமாக எதற்கு" என்று இளையவர்கள் உயில் பேச்சைத் தவிர்க்கிறார்கள். எங்களில் பலர் அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறோம். உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் முறைப்படி இருக்க வேண்டும். வங்கியில் நாமினியாகப் பேர் கொடுத்துவிட்டால் அவரே சொந்தக்காரர் ஆகிவிடுவார் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. நாமினி பணத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்க்கும் பொறுப்பாளர் மட்டுமே. இந்த இரண்டையும் சொன்னாலே போதும், பல வீட்டுச் சண்டை குறையும். ஆனால் "நாளைக்கே நீங்கள் போய்விட்டால்" என்று விரலை நீட்டிச் சொல்லாதே. "உங்கள் பிள்ளைகள் கைவிட்டால்" என்றும் சொல்லாதே. தாயின் முன்னால் பிள்ளையைக் குறை சொன்னால், அவள் நீ சொல்லும் சட்டத்தைக் கேட்கமாட்டாள், பிள்ளைக்காக உன்னோடு வாதாடுவாள். "நாம் எல்லோரும் ஒழுங்காக எழுதி வைக்க வேண்டியது" என்று உன்னையும் சேர்த்துக்கொண்டு பேசு. உனக்கும்தான் உயில் வேண்டும்.

10. விற்காதே.

இது கடுமையாகவே சொல்கிறேன். பேச வந்த மேடையில் எதையும் விற்காதே. காது மிஷின், காப்பீட்டுத் திட்டம், முட்டி எண்ணெய், எதுவானாலும் சரி. எங்கள் மேடைக்கு ஒருமுறை "சேமிப்பு விழிப்புணர்வு" என்று வந்தவர் ஆளுக்கொரு துணிப்பை கொடுத்து, வங்கியைவிட நல்ல வட்டி என்று மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு போனார். அந்தப் பணம் திரும்பவில்லை. கொடுத்தவர்கள் அவரை மட்டும் நம்பவில்லை. மன்றம் மேடையேற்றியதாலேயே நம்பினார்கள். நம் வங்கிகளில் ஒருவர் போட்ட வைப்புத் தொகைக்கு, வட்டியும் சேர்த்து, ஒரு வங்கிக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரியிலிருந்து இந்த வரம்பு. அதிக வட்டி பேசுகிறவர்களிடம் இப்படி ஒரு காப்பீடு இருக்கிறதா என்று கேட்கச் சொல்லிக்கொடு. உன் நிறுவனம் உன்னை அனுப்பியிருந்தாலும், அழைப்பிதழில் பேர் போட்டதோடு அதன் உரிமை முடிந்தது. நம்பிக்கை கூலி வாங்காமல் சம்பாதிக்க வேண்டிய சொத்து.

11. கேள்வி நேரத்தில் நீ கேட்பவள்.

கேள்வி என்று எழுந்திருப்பவர் பாதி நேரம் தன் கதையைச் சொல்வார். எந்த வருடம் வேலையில் சேர்ந்தார், எந்த ஊருக்கு மாற்றினார்கள் என்பதிலிருந்து ஆரம்பிப்பார். "கேள்வியைச் சொல்லுங்கள்" என்று வெட்டாதே. கொஞ்சம் கேட்டுவிட்டு, "அப்படியானால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதானா, ஐயா?" என்று எடுத்துக்கொடு. வாரம் முழுக்க அவர் பேச்சைக் கேட்க வீட்டில் ஆள் இல்லாமல் இருக்கலாம். சொந்த வழக்கையோ வியாதியையோ மேடையிலேயே தீர்த்துவைக்க முயலாதே. தனியாகப் பேசலாம் என்று சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல். எங்களிடம் பொய்த் தைரியம் எடுபடாது, ஆயுள் முழுக்க அதிகாரிகளிடம் கேட்டுப் பழகிய காது இது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம், பெண்கள் பின்னால் உட்கார்வார்கள், மைக்கைக் கையில் வாங்கமாட்டார்கள். துண்டுச் சீட்டுகளை முன்பே கொடுத்து எழுதி வாங்கு. எழுதத் தயங்குபவரிடம் நீயே போய்க் கேள். எங்கள் கூட்டங்களில் கிடைத்த மிக நல்ல கேள்விகள் பெரும்பாலும் அந்தப் பின்வரிசையிலிருந்து வந்தவை.

12. கூட்டம் முடிந்ததும் ஓடாதே.

பொன்னாடையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு காருக்கு விரையும் பேச்சாளர்களை நிறையப் பார்த்தாயிற்று. நீ இருந்து டீ குடி, பிஸ்கெட் சாப்பிடு. மேடையில் கேட்க முடியாததைக் கேட்க நாலு பேர் அங்கேதான் வருவார்கள். வீட்டில் அடி வாங்குகிறவர்கூட டீ டம்ளரோடு வந்துதான் ஜாடையாகச் சொல்வார். அப்போது உபதேசம் வேண்டாம். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567ஐ எழுதிக்கொடு, மன்றச் செயலாளரிடம் சொல்லலாமா என்று அவரையே கேள், அவர் வேண்டாம் என்றால் வாயைத் திறக்காதே. "பார்த்துச் சொல்கிறேன்" என்று யாரிடம் சொன்னாயோ அவர் பேரையும் போன் எண்ணையும் குறித்துக்கொண்டு, அந்த வாரத்துக்குள் பதில் சொல். விடை கிடைக்கவில்லை என்றாலும், கிடைக்கவில்லை என்று சொல். பேச்சாளரை மறுபடி அழைப்பதா என்று எங்கள் குழு கூடும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: சொன்னபடி போன் செய்தாரா?